இன்மை அறிக்கை

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் தலைப்பை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேலிடத்திலிருந்து ஏதாவது விவரம் கேட்டுக் கடிதம் வரும். உங்கள் அலுவலகத்தில் மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் உள்ள ஓய்வூதியக் கருத்துருக்கள் எத்தனை என்பது போல. ஒன்றுமே நிலுவையில் இல்லை என்றாலும் நாம் சும்மா இருந்துவிடக் கூடாது. ‘இன்மை’ என்று எழுதி, தேதி போட்டு, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். வந்த கடிதத்தின் கடைசி வரியிலேயே ‘இல்லையெனில் இன்மை அறிக்கை தவறாது அனுப்பவும்’ என்று இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது வெட்டி வேலையாகத்தான் தெரிந்தது. இல்லாததைச் சொல்வதற்கு எதற்கு ஒரு தாளும் ஒரு தபால் தலையும்? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க 2003 ஆகிவிட்டது. அப்போது எனக்கு 29 வருட சர்வீஸ்.

அதற்கு முன் என்னைப் பற்றி இரண்டு வரி. என் பள்ளிப்படிப்பு முழுவதும் புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அப்பா காலமான பிறகு அம்மாவின் ஊரான பொம்மிடிக்கு வந்துவிட்டோம். தமிழ்நாடு அரசு வேலை கிடைத்தபோது நான் தமிழில் படிக்காதவன் என்பதால் தமிழ் மொழித் தேர்வு எழுதித் தேற வேண்டியிருந்தது. வீட்டில் பேசிய தமிழ் வேறு, கோப்பில் எழுதும் தமிழ் வேறு என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். ‘பிரெஞ்சுக்காரர்’ என்ற பட்டப்பெயர் ஓய்வு பெறும் நாள் வரை அலுவலகத்தில் என்னை விடவில்லை.

எங்கள் இலக்கண ஆசிரியரை முசே என்றுதான் கூப்பிடுவோம். வாக்கியங்களைப் பிரித்து எழுதச் சொல்வார். ஒரு பெரிய வாக்கியத்துக்குள் ஒரு சின்ன வாக்கியம் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடித்துப் பென்சிலால் கட்டம் போட வேண்டும். சில சமயம் கட்டத்துக்குள் இன்னொரு கட்டம் வரும். ‘உள்ளே இருக்கும் வாக்கியம் யாரைச் சார்ந்து நிற்கிறது என்று பார்’ என்பார். பதில் தெரியாமல் இடத்தை வெறுமனே விட்டால் கோபம் வந்துவிடும். ஒன்றும் இல்லையென்றால் ‘நேயான்’ என்று எழுது என்பார். பிரெஞ்சுக்காரர்களின் படிவங்களில் ‘இன்மை’க்கு அதுதான் சொல். இந்த இரண்டு பாடங்களும் முப்பத்தைந்து வருடம் கழித்து தர்மபுரி மாவட்டத்து அடிபம்புக் கணக்கில் எனக்கு உதவும் என்று முசேயும் நினைத்திருக்க மாட்டார், நானும் நினைக்கவில்லை.

2002-ல் மழை பொய்த்தது பலருக்கும் நினைவிருக்கும். எங்கள் பக்கம் ஏற்கெனவே வறண்ட பூமி. சேர்வராயன் மலையடிவாரத்துக் கிணறுகளில் கயிறு எட்டாத ஆழத்துக்குத் தண்ணீர் போய்விட்டது. நான் அப்போது குடிநீர் சம்பந்தப்பட்ட ஒரு பிரிவில் உதவியாளர். 250 பேருக்கு ஓர் அடிபம்பு என்பது அன்றைய மத்திய அரசின் அளவுகோல். எந்தெந்தக் குக்கிராமத்தில் இயங்கும் அடிபம்புகள் அந்த அளவுக்குக் குறைவாக இருக்கின்றன என்று பட்டியல் எடுத்து அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலை வைத்துத்தான் புது ஆழ்குழாய்க் கிணறு எங்கே போடுவது என்று முடிவாகும்.

முன்பெல்லாம் இதைப் பதிவேட்டைப் பார்த்துக் கையால் எழுதுவோம். ஒரு வாரம் ஆகும். அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஊர்களின் பதிவேடு ஒன்று, பம்புகளின் பதிவேடு ஒன்று, இரண்டையும் உள்ளே ஏற்றியாகிவிட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் பட்டியல் வரும். ஆனால் வர அரை மணி நேரம் ஆகும். டீ குடித்துவிட்டு வந்தாலும் திரையில் ஒன்றும் இருக்காது. எல்லோரும் குறை சொன்னதும், மென்பொருள் எழுதிக் கொடுத்தவர்கள் வந்து என்னமோ மாற்றினார்கள். அதன் பிறகு ஒரு நிமிடத்தில் வந்தது. கண்காணிப்பாளர் உட்பட எல்லோருக்கும் சந்தோஷம். 2002 கோடையில் அந்தப் பட்டியலில் சுருக்கொப்பம் போட்டு மேலே அனுப்பியவன் நான்.

மறு வருடம் ஒரு திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாளில், மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து ஓர் அம்மா மனுவோடு வந்தார். ஊரில் இருந்த ஒரே அடிபம்பும் கெட்டுப்போய் ஒன்றரை வருடம் ஆகிறது, இரண்டு மைல் நடந்து தண்ணீர் எடுக்கிறோம் என்று மனுவில் இருந்தது. எழுதிக் கொடுத்தது யாரோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை. நான் வழக்கம்போல, “பட்டியல்ல இருக்கும்மா, வரிசைப்படி வரும்” என்றேன்.

“போன வருசமும் இதையேதான் சொன்னீங்க சார். லிஸ்ட்டுல எங்க ஊரு பேரே இல்லைன்னு பிரசிடெண்டு சொல்றாரு” என்றார்.

அவருக்கு முன்னாலேயே பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இல்லை. சரி, தேவையான பம்பு உள்ள ஊர்களின் பட்டியலில் தவறிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அதைப் பார்த்தேன். அதிலும் இல்லை. ஓர் ஊரில் தண்ணீர் போதும், அல்லது போதாது. இரண்டிலும் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது?

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து, இரண்டு பட்டியலிலும் இருந்த ஊர்களை எண்ணிக் கூட்டினேன். பதிவேட்டில் இருந்த மொத்த ஊர்களுக்கு ஏழு குறைந்தது. எவை எவை என்று ஒவ்வொன்றாக டிக் அடித்துக் கண்டுபிடிக்க இரவு எட்டு மணி ஆகிவிட்டது. கடைசி ரயிலைப் பிடித்து ஊருக்கு வரும்போது வழியெல்லாம் அந்த ஏழு பெயர்களையே நினைத்துக்கொண்டு வந்தேன். எல்லாமே சின்ன ஊர்கள். சில மலை மேல், சில ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். இவற்றுக்குள் என்ன பொதுவாக இருக்கிறது என்று இரவு முழுக்கப் பிடிபடவில்லை. காலையில் பம்புப் பதிவேட்டைப் புரட்டியதும் தெரிந்துவிட்டது. ஏழு ஊர்களிலும் இயங்கும் பம்பு ஒன்றுகூட இல்லை.

ஒரு பம்பு குறைந்த ஊர் பட்டியலில் இருந்தது. இரண்டு குறைந்த ஊரும் இருந்தது. ஒன்றுமே இல்லாத ஊர் மட்டும் காணாமல் போயிருந்தது.

உடனே மென்பொருள் எழுதிக் கொடுத்தவர்களுக்கு ஒரு கடிதம் வரைவு செய்து அனுப்பினேன். ‘தங்கள் மென்பொருள் தரும் பட்டியல் தவறாக உள்ளது. உடன் சரிசெய்து அறிக்கை அனுப்பக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.’ பதில் இல்லை. நினைவூட்டு எழுதினேன். தொலைபேசியில் ஒருவர், “கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது சார், நீங்க விவரம் ஏத்தினதுல தப்பு இருக்கும், பாருங்க” என்றார். கண்காணிப்பாளரும், “உமக்கு எதுக்குய்யா இந்த வம்பு? ஏழு பேரையும் கையால சேர்த்து அனுப்பிடும்” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பட்டியல் அவசரம். அந்த ஏழு பெயரைக் கையால் சேர்த்து அன்றே அனுப்பிவிட்டேன். ஆனால் அடுத்த வருடம் என் இடத்தில் இன்னொருவர் உட்காருவார். அவருக்கு எந்த ஏழு பெயரைச் சேர்ப்பது என்று தெரியாது.

என் கடிதத்தையே மறுபடி எடுத்துப் படித்தேன். படித்தவருக்கு அதிலிருந்து என்ன தெரியும்? தவறு என்கிறேன், எது தவறு என்று சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான ஊர்களில் அவர் எங்கே போய்த் தேடுவார்? அதனால் இரண்டாவது கடிதத்தை வேறு மாதிரி எழுதினேன். மூன்றே மூன்று ஊர். பெயரும் வேண்டாம், அ, ஆ, இ. அ-வுக்குத் தேவை இரண்டு பம்பு, இயங்குவது இரண்டு. ஆ-வுக்குத் தேவை இரண்டு, இயங்குவது ஒன்று. இ-க்குத் தேவை ஒன்று, இயங்குவது ஒன்றும் இல்லை. குறைவான ஊர்களைக் கேட்டால் வரவேண்டிய பதில்: ஆ, இ. உங்கள் மென்பொருள் தரும் பதில்: ஆ மட்டும். இந்த மூன்றை மட்டும் ஏற்றிப் பார்க்கவும். அவ்வளவுதான் கடிதம். ‘தவறு’ என்ற சொல்லை எங்குமே எழுதவில்லை.

நான்காம் நாள் ஓர் இளம் பெண் வந்தார். என் மகள் வயது. என் கடிதம் கையில் இருந்தது. “சார், நீங்க சொன்ன மாதிரியே வருது சார். எப்படின்னுதான் புரியலை” என்றார். அவர் திரையில் எழுதிக் காட்டினார். நான் தாளில் கட்டம் போட்டேன். முசே சொல்லிக் கொடுத்த அதே கட்டங்கள்தான்.

முதலில் அவர்கள் எழுதியிருந்தது கேள்விக்குள் கேள்வி. வெளிக்கேள்வி: பதிவேட்டில் உள்ள ஒவ்வோர் ஊராக எடு. உட்கேள்வி: அந்த ஊரில் இயங்கும் பம்பு எத்தனை என்று எண்ணு. எண்ணிக்கை தேவைக்குக் குறைந்தால் ஊர் பெயரை எழுது. ஒவ்வோர் ஊருக்கும் பம்புப் பதிவேட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டுவதால் அரை மணி நேரம் ஆனது. வேகம் வேண்டும் என்று இதைப் பிரித்து இரண்டு தனி வேலையாக்கியிருக்கிறார்கள். முதலில் பம்புப் பதிவேட்டை ஒரே ஒரு தரம் புரட்டி, ஊர்வாரியாக எண்ணி, ஒரு சின்னத் தாளில் குறித்துக்கொள்வது. அப்புறம் ஊர்ப் பதிவேட்டையும் அந்தச் சின்னத் தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது.

கெட்டிக்காரத்தனமான யோசனை. நாங்கள் கையால் செய்தபோதும் கிட்டத்தட்ட இப்படித்தான் செய்தோம். ஆனால் இயங்கும் பம்பு இல்லாத ஊர் அந்தச் சின்னத் தாளில் எப்படி வரும்? இருப்பதை எண்ணினால்தானே பெயர் விழும்? கையால் செய்யும் குமாஸ்தா, தாளில் பெயர் இல்லை என்றால் ‘இன்மை’ என்று எழுதிக்கொள்வான். கம்ப்யூட்டர், தாளில் பெயர் இல்லை என்றால் ஒப்பிட ஒன்றும் இல்லை என்று அந்த ஊரையே தாண்டிப் போய்விடுகிறது. தேவையான பம்பு உள்ள ஊர்களின் பட்டியலுக்கும் அதே தாள்தான். அதனால்தான் இரண்டிலும் அந்த ஏழும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு உடனே புரிந்துவிட்டது. ஜோடி கிடைக்காத ஊரையும் விடாமல் வைத்துக்கொண்டு சேர்க்க ஒரு வழி இருக்கிறது என்று சொல்லி அங்கேயே மாற்றினார். மறுபடி பொத்தானை அழுத்தினோம். ஏழில் நான்கு வந்தன, மூன்று வரவில்லை! வந்த நான்கிலும் இயங்கும் பம்பு ‘1’ என்று இருந்தது. இல்லாத பம்பு எங்கிருந்து முளைத்தது? ஜோடி இல்லாத ஊரை விடாமல் வைத்துக்கொள்ள, பம்பு இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடத்தோடு ஒரு வரியைக் கம்ப்யூட்டரே சேர்க்கிறது. நாங்கள் எண்ணச் சொன்னது வரிகளை. அது அந்த வெற்று வரியையும் ஒன்று என்று எண்ணிவிட்டது. தேவை ஒன்று, இருப்பது ஒன்று, எனவே குறைவில்லை என்று மூன்று ஊர் மறுபடியும் போய்விட்டன. வரிகளை எண்ணாமல் பம்பு எண்ணை மட்டும் எண்ணு என்று மாற்றிய பிறகுதான் ஏழும் வந்தன, பக்கத்தில் சுத்தமான பூஜ்யத்தோடு. அன்று அவர் ஊருக்குக் கிளம்பும்போது மணி ஆறு. “இந்த மூணு ஊர் தாளை நான் வெச்சுக்கட்டுமா சார்?” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இதெல்லாம் நடந்து பல வருடம் கழித்து, பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் என் மகள்வழிப் பேரன் தீபாவளிக்கு வந்தபோது பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “தாத்தா, இதுக்குப் பேரே இருக்கு. கவுண்ட் பக்” என்றான். பக் என்றால் பூச்சி. மென்பொருளில் உள்ள பிழையை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்குப் படித்துச் சொல்லச் சொன்னேன். அவன் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த மாதிரிக் கேள்விகளை எழுதும் மொழிக்கு எஸ்.க்யூ.எல். என்று பெயர். 1974-ல் ஐ.பி.எம். கம்பெனியின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்ற இருவர் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டார்கள். நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த அதே வருடம். கேள்விக்குள் கேள்வி வைப்பது அந்த மொழியின் பெரிய வசதி, ஆனால் மெதுவாக ஓடும். 1982-ல் வொன் கிம் என்ற ஆராய்ச்சியாளர், இப்படிப்பட்ட கேள்விகளைப் பிரித்து முதலிலேயே எண்ணி வைத்துக்கொண்டு பிறகு சேர்க்கும் முறைகளை எழுதினார். மிகப் புகழ்பெற்ற கட்டுரையாம் அது. எங்கள் அலுவலகத்தில் செய்த அதே மாற்றம்.

இரண்டு வருடம் கழித்து, 1984-ல், அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்திலிருந்து வெர்னர் கீஸ்லிங் என்பவர் ஒரு குறிப்பு எழுதினார். கிம் சொன்ன முறையில் எண்ணிக்கை பூஜ்யமாக வரும் இடங்களில் விடை தொலைந்துபோகிறது என்றார். அதற்கு அவர் காட்டிய உதாரணத்தைப் பேரன் படித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கிடங்கில் சில பாகங்கள், அவற்றுக்கு வந்த சில சரக்கு வரவுகள். கையிருப்பு எண்ணும் ஒரு தேதிக்கு முந்தைய வரவுகளின் எண்ணிக்கையும் சமமாக உள்ள பாகங்கள் எவை என்பது கேள்வி. ஒரு பாகத்துக்குக் கையிருப்பும் பூஜ்யம், அந்தத் தேதிக்கு முன் வரவும் பூஜ்யம். சமம்தானே? அந்தப் பாகம் விடையில் வர வேண்டும். வரவில்லை. ஒரு தாளில் அடங்கும் உதாரணம், நான் அ, ஆ, இ போட்டதைப் போல.

1987-ல் ரிச்சர்ட் கான்ஸ்கி, ஹாரி வாங் என்ற இருவர் அதற்குத் தீர்வு எழுதினார்கள். ஜோடி இல்லாத வரியையும் விடாமல் வைத்துக்கொள், எண்ணும்போது வரியை எண்ணாதே, குறிப்பிட்ட பத்தியை எண்ணு என்று. நாங்கள் அன்று சாயங்காலம் தடுமாறிக் கண்டுபிடித்த இரண்டு படிகளும் பதினாறு வருடம் முன்பே அச்சில் இருந்திருக்கின்றன! அதன் பிறகும் முரளிகிருஷ்ணா போன்றவர்கள் 1989-லும் 1992-லும் இந்த முறைகளை மேலும் செப்பனிட்டிருக்கிறார்கள். பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுதர்ஷன் குழுவினர், எழுதிய கேள்வி சரியா தவறா என்று காட்டிக் கொடுக்கிற சின்னச் சின்ன மாதிரி விவரங்களைக் கம்ப்யூட்டரே தயாரிக்கும்படி செய்திருக்கிறார்களாம். அந்தக் காலத்தில் அது எனக்குக் கிடைத்திருந்தால் இரவு எட்டு மணி வரை டிக் அடித்திருக்க வேண்டாம்.

“அவ்வளவு பெரிய ஆளுங்களே தவறவிட்டாங்களா?” என்று கேட்டேன். “அவங்க சோதிச்சுப் பார்த்த விவரத்துல பூஜ்யம் இல்லாம இருந்திருக்கும் தாத்தா” என்றான். எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது. கிம் கணக்கில் தொலைந்தது கிடங்கிலிருந்த ஒரு பாகம். என் சுருக்கொப்பத்தில் தொலைந்தது ஏழு ஊர், ஒரு கோடை. 2002 பட்டியலை அனுப்பும் முன் மொத்தத்தை ஒரு தரம் கூட்டிப் பார்த்திருந்தால் போதும். வேலையில் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொடுத்த பாடம் அது. வேகமாக வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் கூட்டவில்லை. அந்தக் கோடையில் அந்த ஊர்ப் பெண்கள் நடந்த நடைக்கு மென்பொருளை மட்டும் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இன்மை அறிக்கை எதற்கு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இருப்பவை தானாகவே கணக்கில் வந்துவிடும். இல்லாதது தானாக வராது. யாராவது ஒருவர் உட்கார்ந்து ‘இல்லை’ என்று எழுதினால்தான் உண்டு. பதில் வராத அலுவலகத்தில் நிலுவை இல்லையா, அல்லது கடிதமே போய்ச் சேரவில்லையா என்று மேலிடத்துக்கு எப்படித் தெரியும்? பூஜ்யம் ஒரு பதில், வெற்றிடம் பதிலே இல்லை. இப்போதும் ஓய்வூதிய நேர்காணல் படிவம் ஆனாலும், வங்கிப் படிவம் ஆனாலும் பொருந்தாத கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதாமல் நான் விடுவதில்லை. வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அந்த அம்மா இரண்டு திங்கட்கிழமை கழித்து மறுபடி வந்தார். “எங்க ஊரு பேரு வந்துடுச்சா சார்?” என்றார். பட்டியலைத் திருப்பி அவர் பக்கம் வைத்து விரலால் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“பக்கத்துல என்னமோ முட்டை போட்டிருக்குதே?”

“இயங்குற பம்பு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்மா.”

“அது எங்களுக்குத் தெரியுமே” என்றார். “உங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?”

பதில் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அந்த வருடம் ஆடி மாதத்தில் அந்த ஊருக்கு ஆழ்குழாய் போட்டார்கள். முதல் குழியில் தண்ணீர் இல்லை, இரண்டாவதில் வந்தது.